பெங்களூர சுத்தி ஊருக்கு வெளிய பூ பாக்கற இடம் சொல்லுங்க, பிப்ரவரில இருந்து ஏப்ரலுக்குள்ள (லால்பாக், கப்பன் பார்க் வேணாம்)

எஜிபுரா எழில்:
மக்களே ஒரு ஐடியா வேணும். அப்பா அம்மா கும்பகோணத்துல இருந்து மார்ச்ல வராங்க, ஒரு மாசம் இருப்பாங்க. அம்மா எங்கயோ ஒரு ரீல் பாத்துருக்காங்க, ரோடு முழுக்க ரோஸ் கலர்ல பூ கொட்டிக் கெடக்கு, கீழ பெங்களூர்னு போட்டுருக்கு, அதுலேர்ந்து ஃபோன் பண்றப்பல்லாம் இதே பேச்சுதான், "அந்த ஊர்லதான இருக்க, ஒரு வாட்டியாச்சும் காட்டினியா"ன்னு. சிட்டிக்குள்ள எங்கெங்க இருக்குன்னு எனக்கே தெரியும், ஆபீஸ் போற வழியில பாக்கறதுதான், ஆனா சிக்னல்ல நின்னுகிட்டு கார் கண்ணாடி வழியா பூ பாக்கறதுல என்ன இருக்கு. ஊருக்கு வெளிய, வயக்காட்டுப் பக்கம், வண்டிய ஓரமா போட்டுட்டு மரத்தடியில உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடற மாதிரி எடம் வேணும். அம்மாவுக்கு முட்டி வலி, ஏத்தம் ஏற முடியாது. அப்பா விவசாயம் பாத்த ஆளு, பூவ பாக்க டிக்கெட்டான்னு வாசல்லயே திரும்பிருவாரு. சனி ஞாயிறுதான் தோது. ஒரே நாள்ல போய்ட்டு வர ஒண்ணு, ராத்தங்கற மாதிரி ஒண்ணு சொன்னா போதும்.

மத்தூர் வடை:
பங்குனி வெயில்ல பூ பாக்கப் போறீங்க. பூவுக்கு முன்னாடி நீங்க வாடிருவீங்க. காலைல அஞ்சரைக்கெல்லாம் கெளம்புனா உண்டு, இல்லன்னா மொட்டை மாடில இருக்கற செம்பருத்திய காட்டி அனுப்பிருங்க.

தளி ரோடு:
வடை கிண்டலா சொன்னாலும் விஷயம் அதுதான். பத்து மணிக்கு மேல வெளிச்சம் கண்ணக் கூசும், அப்புறம் எந்தப் பூவா இருந்தா என்ன.

எழில், மொதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, நம்ம பக்கம் எல்லாம் ஒண்ணா பூக்காது, ஒண்ணு முடிய ஒண்ணு வரும், அதனால எடத்த முடிவு பண்ணிட்டு தேதிய தேடாதீங்க, உங்க அப்பா அம்மா இருக்கற தேதிக்கு எது பூக்குதோ அங்க போங்க. தை மாசம்னா மாம்பூ, கிருஷ்ணகிரி பக்கம் பர்கூர், காவேரிப்பட்டணம், சந்தூர்னு போனா ரெண்டு பக்கமும் தோப்புதான், கர்நாடகா பக்கம்னா கோலார்ல ஸ்ரீனிவாசபுரா. மாசில இலவமரமும் புரசமரமும், இலை எல்லாம் கொட்டிட்டு வெறும் பூவோட நிக்கும். மாசிக் கடைசில இருந்து பங்குனி முழுக்க புங்கை. பங்குனில வேம்பு. சித்திரைல சரக்கொன்றை, மே ஃப்ளவர், பூமருது. ரீல்ல இவ்வளவையும் முப்பது செகண்ட்ல ஒட்டிப் போட்டுருப்பான், அத நம்பி வந்தா ஏமாத்தம்தான்.

நீங்க சொல்ற மார்ச்சுக்கு மாம்பூ கணக்குல வராது, அப்போ பிஞ்சு பிடிச்சு மாவடு பொறுக்கற நேரம். ஆனா புங்கை உங்களுக்கு சரியா மாட்டும். ஓசூர் தாண்டி தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம்னு உள்ள போங்க, ஏரிக்கரைலயும் ஊர்ச்சாவடிலயும் பெரிய பெரிய புங்கமரம் இருக்கும். மரத்துல இருக்கறப்ப அந்தப் பூ பெருசா கண்ணுக்குத் தெரியாது, இலைக்கு நடுவுல வெள்ளையும் லேசா ஊதாவுமா ஒளிஞ்சிருக்கும். காலைல கீழ பாத்தாதான் அதோட கணக்கு தெரியும், பொரிய கொட்டிப் பரப்புன மாதிரி தரை மூடிக் கெடக்கும், மேல ஒரே தேனீ சத்தம். புது இலையும் அதே நேரம்தான், எண்ணெய் தடவுன பளபளப்பு, நல்ல இளம்பச்சை. அதுக்கு நிழலும் உண்டு. அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி, அப்பாவுக்கு டிக்கெட் இல்ல, முடிஞ்சுது.

ஹலசூரு மாமி:
புங்கமரம் காட்ட கும்பகோணத்துலேர்ந்து கூட்டிண்டு வரணுமா, அங்க இல்லாத புங்கமரமா. அந்தம்மா கேட்டது ரோஸ் கலர் பூ. அத காட்டுங்கோ மொதல்ல. எங்க தெருவுல நாலு மரம் இருக்கு, நவம்பர் டிசம்பர்ல ஒரு வாட்டி பூக்கறது, பிப்ரவரி மார்ச்ல சிலது இன்னொரு வாட்டி. மஞ்சள் கலர்ல இன்னொரு ஜாதி இருக்கே, அது கரெக்டா பிப்ரவரி கடைசி மார்ச்ல, ஒரு இலை கெடையாது, அத்தனையும் பூ. ப்ரூக்ஃபீல்டுல அந்த ஏ.இ.சி.எஸ். லேஅவுட்ல ஒரு ஞாயித்துக்கெழமை கார்த்தால ஆறு மணிக்கு கூட்டிண்டு போங்கோ, ட்ராஃபிக்கும் இருக்காது ஒண்ணும் இருக்காது, ஆச தீந்துடும். ஜப்பான் போய் செர்ரி பூ பாக்க எல்லாராலயும் முடியுமா, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

கேஜிஎஃப் பையன்:
மாமி தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ரோஸ் மரம் தபபூயா, அமெரிக்கா கண்டத்துல இருந்து வந்தது. ஜகரண்டாவும் தென் அமெரிக்கா, குல்மோஹர் மடகாஸ்கர். 1908ல லால்பாக் பொறுப்புக்கு வந்த க்ரும்பிகல்னு ஒரு ஜெர்மன்காரர், வருஷம் பூரா ஏதாவது ஒரு தெருவுல ஏதாவது ஒண்ணு பூத்துகிட்டே இருக்கணும்னு யோசிச்சு வரிசை வச்சு மரம் நட்டாரு. அப்புறம் 80கள்ல நெகின்ஹால்னு ஒரு வனத்துறை அதிகாரி, லட்சக்கணக்குல கன்னு வச்சாரு. அதாவது சிட்டில நாம பாக்கற பூ எல்லாம் யாரோ ப்ளான் போட்டு வச்சது. அழகு இல்லன்னு சொல்லல. ஆனா எழில் கேட்டது கிராமத்துப் பக்கம், அங்க தபபூயா தேடிப் போனா லேஅவுட் ப்ரோமோட்டர் நட்டு வச்ச குச்சிதான் இருக்கும்.

எங்க ஊர்ப்பக்கம் வாங்க, கோலார் தாண்டி பங்காருபேட்டை ரோட்ல, மேட்டுக்காட்ல ஆவாரஞ்செடி மஞ்சளா நிக்கும், யாரும் தண்ணி ஊத்தறதில்ல, ஆடு கூட கடிக்காது. அதுக்குன்னு யாரும் ரீல் போட மாட்டாங்க, போடாம இருக்கறதே நல்லது.

ஹலசூரு மாமி:
அமெரிக்காவுலேர்ந்து வந்தா என்னப்பா, மொளகாயும் அங்கேர்ந்துதான் வந்தது, சாம்பார்ல போடாம இருக்கியா.

மத்தூர் வடை:
மாமி வின்.

பஸ் பாஸ்:
கார் இல்லாதவங்களுக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா. தேன்கனிக்கோட்டைக்கு ஓசூர்ல இருந்து பஸ் இருக்கு, தெரியும், ஆனா நடுவுல ஏரிக்கரைல எப்படி எறங்கறது?

தளி ரோடு:
டவுன் பஸ்ல கண்டக்டர்கிட்ட சொன்னா நிறுத்துவாரு, ஊர்ப்பேர் சொல்லி டிக்கெட் வாங்கிக்கங்க. ஆனா தேன்கனிக்கோட்டைல இருந்து அஞ்செட்டி போற காட்டு ரோட்ல நடுவுல எறங்கற வேலையே வேணாம், யானை நடமாட்டம். அந்த ரோட்ல புரசு பாக்கணும்னா பஸ் ஜன்னல்ல இருந்து பாருங்க, அதுவே நல்ல சீட்டு.

காபி வீட்டுப் பொண்ணு:
ரெண்டு நாள் ட்ரிப்புக்கு நான் சொல்றேன். காபிப்பூ. எங்க தாத்தா சேலத்துப் பக்கம் இருந்து சக்லேஷ்பூர்ல எஸ்டேட் வேலைக்கு வந்தவர், அப்பா அங்கயே எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டரா இருக்காரு, நான் இப்போ மாரத்தஹள்ளில ஐடி கூலி. அதனால இதப்பத்தி கொஞ்சம் பேச உரிமை உண்டுன்னு நெனைக்கறேன்.

நெறைய பேர் காபின்னா பழத்த நெனைக்கறாங்க, நவம்பர் டிசம்பர்ல செவப்பா இருக்கும்ல, அது. பூ அதுக்கு முன்னாடி, பிப்ரவரில இருந்து ஏப்ரலுக்குள்ள வரும், ஆனா எந்த நாள்னு யாராலயும் காலண்டர்ல வட்டம் போட முடியாது. காரணம், மொட்டு செடியிலயே பச்சையா கம்முனு உக்காந்திருக்கும், வெயில்ல காயும், ஒரு நல்ல மழை விழணும், ஒரு இஞ்சு கிட்ட, அது விழுந்து எட்டு நாள் பத்து நாள்ல தோட்டம் மொத்தமும் ஒரே நாள்ல வெள்ளையாயிரும். எஸ்டேட் எஸ்டேட்டுக்கு மழைமானி இருக்கும், இஞ்சு சென்ட்னுதான் பேச்சு (நூறு சென்ட் ஒரு இஞ்சு), "நேத்து எவ்வளவு?" "நாப்பது சென்ட்." "பத்தாது." மார்ச் மாசம் முழுக்க எங்க அப்பா ஃபோன்ல பேசறது இது மட்டும்தான், என்னைய சாப்டியான்னு கூட கேக்க மாட்டாரு.

பூ மொத நாள் காலைலதான் பாக்கணும். கிளைல கணுவுக்குக் கணு கொத்து கொத்தா, தண்டே தெரியாது. வாசனை மல்லிகைக்குப் பக்கத்துல வரும், ஆனா கொஞ்சம் லேசு, சூரியன் ஏற்றதுக்கு முன்னாடி ரோட்ல போற லாரிக்காரனுக்கே அடிக்கும். ரெண்டாவது நாள் பரவால்ல. அதுக்கப்புறம் பழுப்பாகி தொங்கும், அப்போ போனா காஞ்ச டிஷ்யூ பேப்பர்தான் மிச்சம், அப்பா கேப்பாரு இதுக்கா கூட்டிட்டு வந்தன்னு.

ஒரு வழி இருக்கு. காபில ரொபஸ்டா ரகம் வச்சிருக்கறவங்க நெறைய பேர் மழைக்கு காத்திருக்காம பிப்ரவரி மார்ச்ல ஸ்ப்ரிங்க்ளர் போட்டுருவாங்க, அவங்களுக்கு தண்ணி விட்ட தேதி தெரியும்ங்கறதால பூக்கற தேதியும் தெரியும். அந்த மாதிரி தோட்டத்துல இருக்கற ஹோம்ஸ்டேக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி "தண்ணி எப்போ விட்டீங்க"ன்னு கேளுங்க. ரூம் ரேட் கேக்கறதுக்கு முன்னாடி இத கேட்டீங்கன்னா அவங்களுக்கே உங்க மேல மரியாதை வந்துரும். இன்னொரு ரகம் அரபிகா, அது பெரும்பாலும் மழைய நம்பிதான், மார்ச் ஏப்ரல், மேல சிக்மகளூர் பக்கம்.

எஜிபுரா எழில்:
இது புதுசா இருக்கு, கேட்டதே இல்ல. ஆனா மழை வந்து எட்டு நாள்னா, நான் எப்படி லீவு போடறது, ஹோம்ஸ்டே எப்படி புக் பண்றது? சனி ஞாயிறுக்கு பூக்க சொல்ல முடியுமா?

காபி வீட்டுப் பொண்ணு:
அதான் சொல்றேனே, தேதிய நீங்க வைக்க முடியாது. செய்யறது என்னன்னா, மார்ச்ல மழைன்னு நியூஸ் வந்த உடனே எண்ணி ஒரு வாரம் தள்ளி வர்ற சனிக்கெழமைக்கு போடுங்க, முன்னாடி நாள் ஃபோன் பண்ணி கன்ஃபர்ம் பண்ணுங்க. வாரக்கடைசி இல்லாத நாள்ல ரூம் கெடைக்கறது கஷ்டமே இல்ல, உங்க மேனேஜர்கிட்ட ஒரு வெள்ளிக்கெழமை கேட்டு வாங்கிக்கங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு சொல்றேன். பூ பாக்கப் போன எடத்துல மழை வந்தா ரொமான்டிக்கா இருக்கும்னு வேண்டிக்காதீங்க. பூத்த அன்னிக்கு மழை விழுந்தா மகரந்தம் எல்லாம் போச்சு, காய் பிடிக்காது. அன்னிக்கு எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க. பூ உதிந்து ரெண்டு மூணு வாரத்துல வர்ற மழைதான் வேணும், அதுக்கு பேக்கிங் மழைன்னு பேரு. அப்புறம் செடிக்கு நடுவுல புகுந்து கிளைய இழுத்து மூஞ்சி பக்கத்துல வச்சு போட்டோ எடுக்கறது வேணாம், கை பட்டா உதிரும், உதிர்ற ஒவ்வொண்ணும் ஒரு பழம். மலைத்தேனீ வேற அந்த நாள்ல கூட்டமா இருக்கும், சென்ட் அடிச்சுட்டு போகாதீங்க.

கேஜிஎஃப் பையன்:
இது சூப்பர் போஸ்ட். லாரிக்காரனுக்கே அடிக்கும்ங்கறது உண்மை, ஹாசன் தாண்டி ஒரு தடவ நைட் பஸ்ல வரப்போ ஜன்னல தெறந்தேன், பஸ்ல யாரோ மல்லிப்பூ கொண்டு வராங்கன்னு நெனச்சேன்.

ஏற்காடு எஸ்கேப்:
அவ்வளவு தூரம் எதுக்கு, கன்னடம் தெரியாத அப்பா அம்மாவ கூட்டிட்டு. ஏற்காடு போங்க, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம்னு நேர் ரோடு, மேலயும் அதே அரபிகா காபிதான், மார்ச் ஏப்ரல்ல மழை விழுந்தா அதே வெள்ளை. எல்லாரும் லேக்ல போட் ஓட்டிட்டு திரும்பிருவாங்க, ஏரியச் சுத்தி இருக்கற கூட்டத்துல இருந்து நாலஞ்சு கிலோமீட்டர் உள்ள போனா எஸ்டேட் ரோடுதான். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அம்மாவுக்கு வாந்தி வரும்னா முன்சீட்டு, இஞ்சி மிட்டாய். மே மாச கோடை விழா, மலர்க்கண்காட்சி நேரத்துல மட்டும் போகாதீங்க, தொட்டில வச்ச பூவ பாக்க தலைக்கு மேல தலை.

ரீல்ஸ் ராஜா:
தளி ரோடு ப்ரோ, அந்த புங்கமர ஏரிக்கரை லொகேஷன் பின் அனுப்புங்க. மாந்தோப்பு ஒண்ணும் இருந்தா அனுப்புங்க. ட்ரோன் விடலாமா?

தளி ரோடு:
பின் தர மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் மரம் இருக்கு, நீங்களா ஒண்ணு கண்டுபிடிங்க, அதுல என்ன கொறஞ்சுட்டுது.

ரீல்ஸ் ராஜா:
என்ன ப்ரோ, பொது எடம்தானே. நாலு பேர் பாத்தா அந்த ஊர் டீக்கடைக்குக் கூட பொழப்புதானே. தெரிஞ்சவன் தெரியாதவனுக்கு சொல்றதுக்குத்தான் இந்த மாதிரி எடமே இருக்கு.

தளி ரோடு:
டீக்கடை விஷயம் சரி. ஏரிக்கரை பொது எடம், அதுவும் சரி. மாந்தோப்பு பொது எடம் இல்ல. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் தோப்பு ரோட்டோரமா இருக்கு. பூ எடுத்த நேரத்துல யாரோ வீடியோ போட்டு, அடுத்த ரெண்டு ஞாயிறும் பைக்கா வந்து நின்னுது. தத்துப்பூச்சிக்கு மருந்து அடிச்ச மறுநாளு, வாசலத் தாண்டி உள்ள பூந்து, கொழந்தைய தூக்கி கிளைல உக்கார வச்சு போட்டோ. அவரு கத்தறாரு, மருந்து அடிச்சிருக்கு எறங்குங்கன்னு, இவங்க பூவ பறிக்கக் கூடாதுன்னு திட்டறாருன்னு நெனச்சுட்டாங்க. இப்போ முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிட்டாரு, பக்கத்துத் தோப்புக்காரரும் அடைச்சிட்டாரு. பூ எடுத்த மரத்துல சும்மா ஒரு உலுக்கு உலுக்குனா போதும். ஒரு கொத்துல நூத்துக்கணக்குல பூ இருந்தும் காயா நிக்கறது ஒண்ணோ ரெண்டோ, அதுக்கே பனி விழுந்தா சாம்பல் நோய், கொத்து கருகிரும், வருஷம் பூரா கடன். ரோட்டுல நின்னு பாருங்க, ஜன்னல எறக்குனா வாசம் தானா வரும்.

ரீல்ஸ் ராஜா:
மருந்து மேட்டர் தெரியாது ப்ரோ. ஓகே. அப்போ ட்ரோனும் வேணாம்.

மத்தூர் வடை:
குண்டுலுபேட்டைல சூரியகாந்தி, செண்டுமல்லி வயல்ல விவசாயியே போட்டோவுக்கு காசு வாங்கிட்டு உள்ள விடறாங்க. அது நல்ல ஏற்பாடு. ஆனா அது ஜூன் ஜூலைல இருந்துதான், மார்ச்ல போனா உழுத நெலம்.

பஸ் பாஸ்:
ஓசூர் ரோஸ் தோட்டம் போலாமா? பாகலூர், பேரிகை பக்கம் ரோஸ் கடல்னு கேள்விப்பட்டேன்.

தளி ரோடு:
கடல்லாம் இல்ல, பாலிஹவுஸ். வெள்ளை ஷீட்டுதான் தெரியும். உள்ள விட்டாலும் விரிஞ்ச பூவ பாக்க முடியாது, ஏத்துமதிக்கும் மார்க்கெட்டுக்கும் மொட்டாவே வெட்டிருவாங்க, விரிஞ்சா வேஸ்ட். பூ பாக்கணும்னா ஊட்டி ரோஜாப் பூங்கா, 1995ல ஆரம்பிச்சது, ஏப்ரல்ல இருந்து நல்லா இருக்கும், ஆனா படிப்படியா சரிவுல இருக்கு, எழில் அம்மா முட்டிக்கு ஆகாது. டிக்கெட்டும் உண்டு.

சும்மா ஒரு ஆள்:
குறிஞ்சி பாக்கலாமே?

கேஜிஎஃப் பையன்:
நீலகிரி, மூணாறு பக்கம் 2018ல பூத்தது, அடுத்தது 2030. அதுவும் ஆகஸ்ட்ல இருந்து அக்டோபருக்குள்ள. எழில் அப்பா அம்மா மார்ச்ல வராங்க.

மைசூர் ரோடு மணி:
புரசு பத்தி யாரும் சரியா சொல்லல, நான் சொல்றேன். மாசி மாசம் குண்டுலுபேட்டை தாண்டி பந்திப்பூர், முதுமலை, தெப்பக்காடு, மசினகுடி, அந்த ரோடு. காடு மொத்தம் காஞ்சு சாம்பல் கலர்ல இருக்கும், புல்லு கூட வெளுத்திருக்கும், அதுக்கு நடுவுல ஒரு மரம் ஆரஞ்சு செவப்புல நிக்கும் பாருங்க, இலையே இருக்காது. பூ ஒவ்வொண்ணும் கிளிமூக்கு வளைவு. மைனா, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் அந்த ஒரு மரத்துல சண்ட போடும், வேற எதுலயும் தேன் இல்லாத நேரம்ல. இலவமரம் இன்னும் ஒசரம், பூ கைப்பிடி பெருசு, சதைப்பத்தா இருக்கும், தொப்புனு விழும். மேல கொரங்கு பிச்சு போட, கீழ புள்ளிமான் காத்திருந்து அந்தப் பூவ மென்னு திங்கும். இத நான் கார்ல உக்காந்தே பாத்தது, காட்டு ரோட்ல நிறுத்தி எறங்கக் கூடாது, எறங்கினா ஃபைன் மட்டும் இல்ல, யானை எந்தப் புதர்ல நிக்குதுன்னு தெரியாது. மெதுவா ஓட்டலாம், அவ்வளவுதான். ராத்திரி ஒம்பதுல இருந்து காலை ஆறு வரைக்கும் பந்திப்பூர் ரோடு மூடிருவாங்க, 2009ல இருந்து அப்படித்தான், அதனால காலைல ஆறு மணிக்கு கேட்ல மொத ஆளா நிக்கற மாதிரி குண்டுலுபேட்டைல தங்கிருங்க, மிருகமும் கெடைக்கும் பூவும் கெடைக்கும்.

பிப்ரவரி கடைசில இருந்து தீ சீசன், காடு தீப்பெட்டி கணக்கா காஞ்சு கெடக்கும், பீடி சிகரெட் ஜன்னல்ல இருந்து போடாதீங்க. ட்ரெக்கிங் ரூட்லாம் அந்த நேரம் மூடித்தான் இருக்கும், யாராவது தெறந்து விடறேன்னு சொன்னா நம்பாதீங்க.

மேல ஊட்டிக்கு ஏறுனா சோலை ஓரத்துல காட்டுப்பூவரசு, செவப்பு கொத்து, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் பாக்கலாம். அது இமயமலை மரத்தோட சொந்தக்கார ஜாதி, இங்க நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை உச்சில தனியா மாட்டிகிட்டது.

ஹலசூரு மாமி:
அந்த இலுப்பைப்பூ பழமொழி சொன்னேனே, இங்க யாராவது நெஜமாவே இலுப்பைப்பூ பாத்துருக்கேளா? எங்க பாட்டி ஊர்ல கோயில் நந்தவனத்துல இருந்தது, இப்போ இருக்கான்னே தெரியல.

பாலக்கோடு பாலு:
பாத்துருக்கேன் மாமி, தின்னும் இருக்கேன். எங்க ஊர் ஏரிக்கரைல பழைய இலுப்பமரம் நாலஞ்சு நிக்குது, பங்குனிலதான் பூக்கும். கிளை நுனில ஒரு கொத்து, துரு கலர் மொட்டு, அதுல இருந்து வெளுத்த மஞ்சள்ல குண்டா, உள்ள ஓட்டையா ஒரு பூ. ராத்திரி வவ்வாலு மொய்க்கும், விடியக்காலைல பூ உதிரும், மரத்தடி பூரா இனிப்பும் புளிப்புமா ஒரு வாசம். வாயில போட்டா மொதல்ல நல்ல தித்திப்பு, அப்புறம் தொண்டைல லேசா ஒரு கார்ப்பு. வெயில் ஏறுனா வதங்கி எறும்பு வந்துரும். சின்ன வயசுல பொறுக்கி காய வச்சு வறுத்துத் தருவாங்க ஆயா. கோயில் வெளக்கு எரிக்கறதுக்கு கொட்டைய ஆட்டி எண்ணெய் எடுப்பாங்க. இப்போ பொறுக்கறதுக்கு ஆளு இல்ல, பன்னிதான் திங்குது.

எஜிபுரா எழில் சார், ஏற்காடு போற வழிதான் தர்மபுரி. கோயில் குளத்துப் பக்கம், பழைய ஏரிக்கரைல கேட்டுப் பாருங்க, வயசானவங்க காட்டுவாங்க. உங்க அப்பாவுக்கு இது பிடிக்கும்னு எனக்குத் தோணுது, அவரு பேச ஆரம்பிச்சா நீங்க பூ பாக்கறதே மறந்துருவீங்க.

ஹலசூரு மாமி:
அடடா பாலு, நன்னாருக்கணும் நீ.

எஜிபுரா எழில்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. இப்படி யோசிச்சிருக்கேன். அவங்க வந்த மொத ஞாயிறு காலைல ஆறு மணிக்கு ஏ.இ.சி.எஸ். லேஅவுட், மாமி சொன்னபடி, அம்மாவோட ரீல் ஆசைய தீத்துட்டு, அப்படியே ஓசூர், தளி பக்கம் புங்கமரம், கட்டுச்சோறு, பன்னெண்டு மணிக்குள்ள திரும்பிரலாம். ரெண்டு நாள் ட்ரிப்புக்கு தேதி வைக்கல, மழைக்கு காத்திருந்து ஏற்காடா சக்லேஷ்பூரான்னு அப்போ முடிவு பண்ணிக்கறேன். மழையே வரலன்னா பந்திப்பூர், ஊட்டி. சரியா வருமா?

காபி வீட்டுப் பொண்ணு:
சரியா வரும். சக்லேஷ்பூர்னா இங்கயே ஒரு மெசேஜ் போடுங்க, எத்தன சென்ட் பேஞ்சுதுன்னு அப்பாகிட்ட கேட்டு சொல்றேன். அவருக்கும் பேச ஆள் வேணும்.

மைசூர் ரோடு மணி:
ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துருங்க, 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு கட்டாயம், ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை. சீசன்ல வண்டிக்கு எண்ணிக்கை வச்சிருக்காங்க, அதனால கடைசி நேரத்துக்கு விடாதீங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில செக்போஸ்ட்ல பிடுங்கிருவாங்க, எவர்சில்வர் கொண்டு போங்க. மசினகுடில இருந்து கல்லட்டி வழியா மேல ஏறலாம், திரும்பி அதே வழில எறங்க வெளியூர் வண்டிய விடமாட்டாங்க, கூடலூர் சுத்தித்தான் வரணும். அந்த வழி நேரமாகும், ஒம்பது மணி கேட்ட கணக்கு வச்சு கெளம்புங்க. மார்ச் கடைசில புரசு முடிஞ்சிருக்கும், அதுக்குள்ள போனா நல்லது.

தளி ரோடு:
எழில், அந்த ஞாயிறு ப்ளான்ல ஒண்ணு மட்டும் மாத்துங்க. ப்ரூக்ஃபீல்டுல எட்டு மணி ஆயிட்டா ஓசூர் போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் ஏறிரும், அத்திப்பள்ளி டோல்ல வேற நிக்கணும். ரெண்டையும் வேற வேற நாளு வைங்க. புங்கமரத்துக்கு நேரா அஞ்சரைக்கு கெளம்பிருங்க.

பஸ் பாஸ்:
கடைசியா ஒரு டவுட். போன வாரம் ட்ரெயின்ல மைசூர் போறப்ப ராமநகரம் தாண்டி பாறைக் குன்று மேல ஒரு மரம் பாத்தேன், இலை சுத்தமா இல்ல, வளைஞ்ச கிளை நுனில மட்டும் நல்ல தங்க மஞ்சள்ல பெரிய பெரிய பூ, உள்ளங்கை அகலம். மஞ்சள் தபபூயா இல்ல, அது கொத்தா இருக்கும். இது ஒத்த ஒத்தையா. என்ன மரம் அது?

கேஜிஎஃப் பையன்:
ஒத்த ஒத்தையா, உள்ளங்கை அகலம், பாறைல, இலை இல்லாம, இதெல்லாம் வச்சுப் பாத்தா கோங்கு. கன்னடத்துல அரிசின புருகான்னு சொல்வாங்க. மண்ணே இல்லாத பாறை இடுக்குலதான் வளரும், பிப்ரவரி மார்ச்ல பூக்கும், காய் வெடிச்சா உள்ள இலவம்பஞ்சு ஜாதில ஒரு பஞ்சு வரும். நம்ம ஊர் மரம்தான், யாரும் நட்டு வச்சது இல்ல. எந்த ட்ரெயின், எந்தப் பக்க ஜன்னல்?

பஸ் பாஸ்:
காலைல போற பாசஞ்சர், போறப்ப எடது பக்கம். ஸ்டேஷன் தாண்டி கொஞ்ச நேரத்துல வரும், வேகமா போயிரும், ஃபோன எடுக்கறதுக்குள்ள.